கேம்களில் வரும் கனவு உலகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமை முடித்த கையோடு "கடைசியில் எல்லாமே கனவா?" என்று தேடி வருபவர்களுக்காக எழுதியது இது. லோர் என்று நாம் சொல்லும் பின்கதையை எப்படிப் படிப்பது, எதைச் சான்றாக எடுத்துக்கொள்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதுதான் விஷயம்.

ஸ்பாய்லர் இருக்கிறதா?

நிறையவே. லிங்க்ஸ் அவேக்கனிங், பிளட்போர்ன், ஹாலோ நைட், ஃபைனல் ஃபேன்டஸி 10, யுமே நிக்கி ஆகியவற்றின் முடிவுகள் அப்படியே சொல்லப்படுகின்றன. ஏதாவது ஒன்றை இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள் என்றால் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

எல்லாம் கனவு என்றால் அதுவரை ஆடியது வீண்தானே?

இந்தச் சந்தேகம் பலருக்கு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2-இல் இருந்தே தொடங்கியிருக்கும். 1988-இல் அமெரிக்காவில் வந்த அந்த கேமில் வார்ட் என்ற தவளை அரசனை வீழ்த்திய பிறகு, மாரியோ கட்டிலில் தூங்கிக்கொண்டிருப்பதைக் காட்டி முடித்துவிடுவார்கள். ஆனால் கேமோடு வந்த கையேடு வேறு மாதிரி சொல்கிறது. மாரியோ முதலில் ஒரு நீண்ட படிக்கட்டையும் கதவையும் கனவில் காண்கிறான். மறுநாள் நண்பர்களோடு வெளியே போகும்போது ஒரு குகைக்குள் அதே படிக்கட்டு, அதே கதவு. கதவுக்கு அப்பால் இருப்பது சப்கான் என்ற கனவுகளின் நாடு. கையேட்டை நம்பினால் அந்த நாட்டுக்கு நடந்தே போகலாம். முடிவை நம்பினால் அது தூக்கத்தில் வந்தது.

இந்த முரண்பாட்டுக்கு ஆழமான அர்த்தம் தேட வேண்டியதில்லை என்பது என் கருத்து. 1987-இல் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் விழாவையொட்டி வந்த டோக்கி டோக்கி பேனிக் என்ற கேமில் பாத்திரங்களை மாற்றித்தான் இதை உருவாக்கினார்கள். அந்த மூல கேம் ஒரு கதைப் புத்தகத்துக்குள் நடக்கிறது. வேறொரு உலகத்தில் மாரியோவைக் கொண்டுபோய் வைக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, கனவு அதற்கு வசதியாக இருந்தது. அதே சமயம் அங்கே அறிமுகமான ஷை கை, பேர்டோ என்ற எதிரிப் பாத்திரங்கள் பிற்பாடு மாரியோ கேம்களில் சர்வசாதாரணமாக நடமாடுகின்றன. கனவில் வந்தவை என்று யாரும் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. ஆக, வீண் இல்லை.

அப்படியானால் ஒரு கனவு உலகத்தைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்க வேண்டும்?

"இது கனவா, நிஜமா?" என்பது பெரும்பாலும் ஒரே வரியில் பதில் கிடைத்துவிடும் கேள்வி. பல கேம்கள் அந்தப் பதிலை மறைப்பதுகூட இல்லை. "யாருடைய கனவு? அது கலைந்தால் யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை சும்மா அழகுக்கு வைத்ததாகத் தெரிந்த பாதி விஷயங்கள் சான்றுகளாகிவிடும். இன்னொன்றையும் கூடவே கவனியுங்கள்: கனவுக்குள் ஆட்ட விதிகள் மாறுகின்றனவா? செத்தால் என்ன ஆகிறது, எதை வெளியே கொண்டுவர முடிகிறது, எதை முடியவில்லை. வசனம் எழுதுபவர் குழப்பலாம். விதிகள் அவ்வளவு எளிதில் குழப்புவதில்லை.

லிங்க்ஸ் அவேக்கனிங்கில் லிங்க் செய்வது சரியா, தப்பா?

1993-இல் கேம் பாய்க்கு வந்து, 2019-இல் ஸ்விட்சுக்காகப் புதிதாகச் செய்யப்பட்ட கேம். கப்பல் உடைந்து, ஸெல்டா தொடரின் நாயகனான லிங்க் கோஹோலின்ட் தீவில் கரை ஒதுங்குகிறான். மலை உச்சியில் ஒரு பெரிய முட்டை, அதற்குள் விண்ட் ஃபிஷ் தூங்குகிறது. எட்டு இசைக்கருவிகளைச் சேர்த்து அதை எழுப்பினால்தான் ஊர் போய்ச் சேர முடியும். பாதிக் கதையைத் தாண்டிய பிறகு, ஒரு கோயிலின் உள்ளே சுவரில் செதுக்கியிருப்பதைப் படிக்கிறோம். இந்தத் தீவே விண்ட் ஃபிஷின் கனவு, அது விழித்தால் மனிதர், கடல், வானம் எல்லாம் மறைந்துபோகும் என்று அதில் இருக்கிறது.

அதற்கு வெகு முன்பே, தொடக்க கிராமத்திலேயே குறிப்பு கொடுத்துவிடுகிறார்கள். எப்போதிலிருந்து இங்கே ஆட்கள் வாழ்கிறார்கள் என்ற பேச்சு வரும்போது அங்குள்ள சிறுவனுக்கு "எப்போது" என்ற கேள்வியே பிடிபடவில்லை, யோசித்தால் தலை சுற்றுகிறது என்கிறான். முதல்முறை ஆடும்போது சிரித்துவிட்டுக் கடந்துபோவோம். முடிவு தெரிந்த பிறகு அதே வரியைப் படித்தால், கடந்த காலம் என்ற ஒன்றே இல்லாத குழந்தை பேசுவது கேட்கும்.

சரி, கேள்விக்கு வருவோம். தீவு அழியாமல் இருக்க வேண்டும் என்று பாடுபடுபவர்கள் யார்? நாம் ஒவ்வொரு நிலவறையிலும் கொல்லும் நைட்மேர்கள். கடைசி பாஸ், அதாவது இறுதியில் வரும் பெரிய எதிரி, சாகும்போது தங்கள் உலகம் மறையப் போகிறதே என்று புலம்புகிறது. எழுப்பச் சொல்லி லிங்கை வழிநடத்துவது ஓர் ஆந்தை. அது விண்ட் ஃபிஷின் ஆன்மாவில் ஒரு பகுதி என்று இறுதியில் தெரியவருகிறது. அதாவது நமக்கு அறிவுரை சொன்னவரே இந்த வழக்கில் ஒரு தரப்பு. பெட்டியைத் திறந்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், விழித்தால்தான் இது கனவா என்று தெரியும் என்ற பொருளில் அது பேசும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். சோதித்துப் பார்ப்பதும் அழிப்பதும் ஒன்றாகிவிடும் சோதனைக்குத்தான் அது நம்மை அனுப்புகிறது.

இதற்காக நைட்மேர்களை நியாயவான்களாக்கிவிட முடியாது. அவை ஒரு உயிரைத் தூங்கவைத்தே வைத்திருந்து அதன் கனவை ஆள நினைப்பவை. தீவில் அரக்கர்கள் பெருகியதும் அவற்றால்தான். இரண்டு பக்கமும் முழு நியாயம் இல்லாமல் விட்டதில்தான் இந்த கேமின் பலம் இருக்கிறது என்பேன். கடற்கரையில் தீவுப் பெண் மரின் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: தான் ஒரு கடற்பறவையாக இருந்தால் தொலைதூரம் பறந்துபோய்ப் பலருக்குப் பாடுவேன் என்கிறாள். அந்த ஆசையை விண்ட் ஃபிஷிடம் வேண்டிக்கொண்டால் பலிக்குமா என்றும் யோசிக்கிறாள். ஒருமுறைகூடச் சாகாமல் கேமை முடித்தால் கடைசியில் அவளுடைய உருவம் வானத்தில் வருகிறது. கனவில் பிறந்தவளுக்குக் கனவைத் தாண்டிய ஓர் இருப்பு கிடைத்ததா என்பதற்குக் கிடைக்கும் ஒரே சான்று அதுதான். அதையும் கேம் விளக்குவதில்லை.

அது லிங்கின் கனவு என்றும் சிலர் சொல்கிறார்களே?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லாமல் இல்லை. கடைசி பாஸ் லிங்கின் பழைய எதிரிகளான அகானிம், கேனன் ஆகியோரின் நிழல் வடிவம் எடுக்கிறது. இவர்கள் 1991-இல் வந்த முந்தைய கேமின் வில்லன்கள். விண்ட் ஃபிஷுக்கு இவர்களைத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் முட்டை, தீவு, மக்கள் எல்லாம் தன் கனவில் தோன்றியவை என்று விண்ட் ஃபிஷ் தன் வாயாலேயே சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கனவு மீனுடையது, அதற்குள் விழுந்த லிங்கின் நினைவுகளை நைட்மேர்கள் ஆயுதமாக எடுத்துக்கொண்டன என்பதே பொருத்தமாகப் படுகிறது. முடிவில் கடலில் ஒரு மரத்துண்டில் மிதக்கும் லிங்கின் தலைக்கு மேலே விண்ட் ஃபிஷ் நிஜமாகவே பறந்துபோகிறது. வெறும் லிங்கின் கனவாக இருந்தால் அந்தக் காட்சிக்கு வேலையே இல்லை.

பிளட்போர்னில் எது கனவு, எது கொடுங்கனவு, எது நிஜம்?

2015-இல் வந்த இந்த கேமில்தான் அதிகம் பேர் தொலைந்துபோகிறார்கள். மூன்றாகப் பிரித்துக்கொண்டால் எளிது. யார்னம் நகரம் நிஜம். வேட்டைக்காரன் செத்தால் திரும்பிப் போகும் ஹன்டர்ஸ் ட்ரீம் என்ற தோட்டவீடு ஒரு கனவு. நைட்மேர் என்ற பெயரோடு வரும் இடங்கள் வேறொரு அடுக்கு.

ஹன்டர்ஸ் ட்ரீமை எதை வைத்துப் படிக்க வேண்டும் என்று கேட்டால், நகரத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பாழடைந்த பழைய பட்டறையைக் காட்டுவேன். தேவாலயப் பகுதியில் ஒரு கோபுரத்துக்குள் கவனமாகக் கீழே கீழே குதித்து இறங்கினால் அங்கே போய்ச் சேரலாம். கதவைத் திறந்ததும் தூக்கிவாரிப்போடும். கனவில் நீங்கள் தினமும் போய்வரும் அதே வீடு, அதே அமைப்பு. அங்கே பேசி, நடந்து, உங்களுக்குப் பலம் ஏற்றிவிடும் அந்தப் பொம்மை இங்கே அசைவற்றுக் கிடக்கிறது. இங்கே கிடைக்கும் சின்னத் தலை அலங்காரத்தைக் கனவில் இருக்கும் பொம்மையிடம் கொடுத்தால் அவளுக்கு ஏன் என்றே தெரியாமல் கண்ணீர் வருகிறது. இந்த ஒரு அறை பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது: கனவு என்பது முன்பு இருந்த ஓர் இடத்தின் நகல், அந்த நகலை யாரோ தேவைக்காக வைத்திருக்கிறார்கள், அதில் இருப்பவர்களுக்குத் தங்கள் மூலம் தெரியாது.

யார் வைத்திருக்கிறார்கள்? முதலில் கெர்மன் என்ற கிழவர் என்று நினைப்போம். ஆனால் சில நேரம் அவர் தோட்டத்தில் தூங்கியபடியே முனகுவார், பழைய நண்பர்களின் பெயரைச் சொல்லித் தன்னை விடுவிக்கும்படி கெஞ்சுவார். வீட்டுக்காரர் என்று நினைத்தவரும் கைதிதான். உண்மையில் கயிறு மூன் பிரசென்ஸ் என்ற, மனிதனல்லாத சக்தியிடம் இருக்கிறது. மூன்று எண்டிங்குகளும் இதற்கான மூன்று பதில்கள். கெர்மன் சொல்வதைக் கேட்டால் விடிகாலையில் விழித்துவிடுகிறோம். மறுத்து அவரைக் கொன்றால் அவருடைய சக்கர நாற்காலி நமக்கு. தொப்புள்கொடித் துண்டுகள் மூன்றைச் சாப்பிட்டிருந்தால் மூன் பிரசென்ஸையே எதிர்த்து, மனிதனல்லாத ஏதோ ஒன்றாகப் பிறக்கிறோம்.

நைட்மேர்கள் வேறு மாதிரி. மென்சிஸ் கொடுங்கனவை நடத்தும் மிக்கோலாஷ் என்பவரின் உடல் நிஜ உலகில் காய்ந்து கருவாடாகி உட்கார்ந்திருக்கிறது. ஆள் மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறார். அவரை உள்ளே கொன்றால், விழித்துவிடப் போகிறேனே, எல்லாம் மறந்துபோகுமே என்றுதான் அலறுகிறார். போய் விழிக்க உடம்பு எங்கே இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கூடுதல் பகுதியாக வந்த டிஎல்சியில் வரும் ஹன்டர்ஸ் நைட்மேரோ பழைய வேட்டைக்காரர்கள் மீனவர் குடியிருப்பில் செய்த பாவத்துக்கான சாபம். கனவில் இளைப்பாற இடம் உண்டு. நைட்மேரில் கணக்குத் தீர்ப்பதுதான் உண்டு.

முதல் எண்டிங்கில் விழிக்கிறோமே, அப்போது யார்னமில் நடந்ததெல்லாம் கனவுதானா?

இல்லை. ஐலீன், ஜூரா போன்ற மற்ற வேட்டைக்காரர்கள் தாங்கள் இப்போது கனவு காண்பதில்லை என்று யார்னமில் நின்றபடியேதான் சொல்கிறார்கள். கனவிலிருந்து விடுபட்டவர்கள் அதே நகரத்தில் இருக்கிறார்கள் என்றால் நகரம் கனவுக்கு வெளியே இருக்கிறது. இது போதும்.

ஆட்ட விதிகள் எப்படிச் சான்றாகும்? ஓர் உதாரணம்?

ஹாலோ நைட், 2017. வழக்கமாகச் செத்தால் அங்கேயே உங்கள் நிழலும் சேர்த்த காசும் கிடக்கும், திரும்பிப் போய் மீட்க வேண்டும். ட்ரீம் நெயில் என்ற ஆயுதத்தால் நுழையும் கனவு பாஸ் சண்டையில் தோற்றால் அப்படி எதுவும் இல்லை, வெளியே விழித்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். கனவு இங்கே தனி உலகம் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

கனவு காண்பவரைப் பொறுத்துக் காட்சி எப்படி மாறும் என்பதையும் இதே கேம் வேடிக்கையாகக் காட்டுகிறது. ஸோட் என்பவன் வாய்ச்சொல் வீரன். ஒரு பறக்கும் பூச்சியிடம் மாட்டிக்கொண்டு நாம் காப்பாற்ற வேண்டிய நிலை. ஆனால் அவன்மேல் மயங்கிப்போன பிரெட்டாவின் கனவுக்குள் நுழைந்தால் அவனே பிரம்மாண்டமான இளவரசனாக நின்று நம்மைப் புரட்டி எடுக்கிறான். விளையாட்டாக வைத்ததுதான், ஆனாலும் பாடம் உண்டு: கனவில் பார்த்ததை நடந்த வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதே கண்ணோடு வைட் பேலஸைப் பாருங்கள். அரண்மனை இருந்த இடம் வெற்றிடமாக இருக்கிறது. அங்கே கிடக்கும் ஒரு காவலனின் சடலத்தில் ட்ரீம் நெயிலை வைத்தால் உள்ளே முழு அரண்மனை. அரசன் அதைக் கனவுக்குள் ஒளித்துவைத்திருக்கிறான். ஆனால் அவனுடைய எதிரியான ரேடியன்ஸ் கனவுகள் வழியாகத்தான் நாட்டைத் தாக்கினாள். எதிரியின் வீட்டிலேயே போய் ஒளிந்துகொண்டவனை என்ன சொல்வது? அறியாமையா, வேறு வழியில்லாத நிலையா? நான் இரண்டாவதின் பக்கம்.

ஃபைனல் ஃபேன்டஸி 10-இல் டைடஸ் உண்மையான ஆள்தானா?

2001-இல் வந்த கேம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு பெவெல் நகரத்தோடு நடந்த போரில் தோற்கும் நிலைக்கு வந்த ஸானர்கண்டின் மக்கள் ஃபெய்த்துகளாக, அதாவது கனவு காணும் ஆன்மாக்களாக, மாறி, தங்கள் நகரத்தைக் கனவாகக் கண்டுகொண்டே இருக்கிறார்கள். டைடஸ் அந்தக் கனவு நகரத்தில் பிறந்தவன். ஸ்பைரா என்ற நிஜ உலகத்துக்கு வந்த பிறகு சாப்பிடுகிறான், அடிபடுகிறான், காதலிக்கிறான். அந்தக் கனவை நடத்திவந்த யு யெவோன் அழிந்து ஃபெய்த்துகள் கனவு காண்பதை நிறுத்தியதும் மறையத் தொடங்குகிறான். யூனா ஓடிவந்து அணைக்கும்போது அவள் கைகள் அவன் ஊடாகப் போய்விடுகின்றன.

"உண்மையான ஆளா?" என்பதற்குக் கேமே பதில் சொல்லிவிடுகிறது: அவன் போனதற்காக அழும் ஆட்கள் நிஜமானவர்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஃபெய்த்துகளின் சோர்வு. ஆயிரம் ஆண்டு கனவு கண்டு அவர்கள் களைத்துப்போயிருக்கிறார்கள். கோஹோலின்டில் கனவு கலைந்தால் தீவுக்காரர்களுக்கு நஷ்டம். இங்கே கனவு தொடர்ந்தால் கனவு காண்பவர்களுக்கே நஷ்டம். டைடஸ் அதைத் தெரிந்துகொண்டுதான் கடைசிச் சண்டைக்குப் போகிறான். லிங்குக்காவது போய்ச்சேர வேறு ஊர் இருந்தது.

கனவு காண்பதைத் தடுப்பவர்கள் எப்போதும் வில்லன்தானா?

கர்பீஸ் அட்வென்ச்சரில் டெடெடெ அரசன் நட்சத்திரக் கோலை உடைத்து எல்லோருடைய கனவுகளையும் நிறுத்திவிடுவான். அவனை அடித்துக் கோலை மீட்டு நீரூற்றில் வைத்தால் உள்ளிருந்து நைட்மேர் என்ற தீய சக்தி வெளியே வரும். அதை அடைத்துவைக்கத்தான் அவன் அப்படிச் செய்திருக்கிறான். குழந்தைகளுக்கான கேம் என்று 1993-இல் வந்ததுதான்.

யுமே நிக்கி மாதிரி வசனமே இல்லாத கேம்களை எப்படி விளக்குவது?

ஜாக்கிரதையாக. 2004-இல் கிக்கியாமா என்ற பெயரில் ஒருவர் தனியாகச் செய்து இலவசமாக வெளியிட்டது இது. அவர் யார் என்று வெளியே தெரியாது, கேமை விளக்கியதும் இல்லை. மடோட்சுகி என்ற பெண் தன் அறையை விட்டு வெளியே போக மாட்டாள். கதவருகே கொண்டுபோனால் தலையை ஆட்டி மறுப்பாள். தூங்கினால் பன்னிரண்டு கதவுகள், அவற்றுக்குப் பின்னால் பரந்த, வெறிச்சோடிய உலகங்கள். 24 பொருள்களையும் சேர்த்து முடித்த பிறகு அவள் பால்கனியிலிருந்து குதித்துவிடுகிறாள்.

இதற்கு ஏதோ ஒரு விபத்து, ஏதோ ஒரு கொடுமை என்று ரசிகர்கள் கட்டிய கதைகள் ஏராளம். விளக்கைப் போட்டு அணைக்கும்போது எப்போதாவது ஒருமுறை தோன்றும் உபோவா உருவத்துக்கு மட்டுமே எத்தனையோ பொருள் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் ஓர் அர்த்தம் என்று அகராதி போடுவது எனக்கு ஒப்பவில்லை. திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள்: பேச வாய் திறக்காத ஆட்கள், துரத்திவந்து வெளியேற வழியில்லாத இடத்தில் அடைத்துவிடும் பறவைப் பெண்கள், எந்நேரமும் கன்னத்தைக் கிள்ளி விழித்துக்கொள்ளும் வசதி. விழித்தாலும் அதே அறைதான். தனிமை என்பதைத் தாண்டி உறுதியாகச் சொல்ல கேமில் சரக்கு இல்லை.

1998-இல் வந்த எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர் இன்னும் ஒரு படி மேல். அதை வெளியிட்ட நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் பல ஆண்டுகளாக எழுதிவந்த கனவுக் குறிப்பேட்டை வைத்துச் செய்தது. அதில் கதையைத் தேடினால் ஏமாற்றம்தான். ஒருவர் நிஜமாகவே கண்ட கனவுகளுக்குக் கதைச் சுருக்கம் இருக்காது.

ஃப்ராய்டு, யுங் எல்லாம் படித்திருக்க வேண்டுமா?

நைட்ஸ் இன்டு ட்ரீம்ஸ் (1996) செய்தவர்கள் படித்திருக்கிறார்கள், அதில் தைரியம், நம்பிக்கை போன்ற மனக்குணங்கள் வண்ண உருண்டைகளாக வருவதில் அந்தத் தாக்கம் தெரியும். அந்த கேமுக்கு உதவும். எல்லா கேமுக்கும் அந்தக் கண்ணாடியைப் போட்டால் எல்லாமே ஒரே மாதிரி தெரியும்.

"ஹீரோ கோமாவில் இருக்கிறான்" தியரி பற்றி?

எந்த கேமுக்கும் பொருந்தும், அதுதான் அதன் கோளாறு. முரண்பாடா? கோமா. விசித்திரமான ஊரா? கோமா. எதைக் காட்டினாலும் தப்பித்துக்கொள்ளும் தியரி எதையும் விளக்குவதில்லை. கேமிலேயே மருத்துவமனை ஓசையோ, வெளியிலிருந்து வரும் குரலோ விதைத்திருந்தால் பேசலாம். இல்லையென்றால் நேரம்தான் வீண்.

டெவலப்பர் வெளியே சொன்னதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கேமில் இருப்பதற்கு அடுத்த இடத்தில். எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் தொடர் நல்ல உதாரணம். அந்தப் பிரபஞ்சம் முழுவதும் ஒரு கடவுளின் கனவு, அதை உணர்ந்த பிறகும் "நான் இருக்கிறேன்" என்று நிலைப்பவனுக்குச் சிம் என்ற நிலை கிடைக்கும், நிலைக்க முடியாதவன் இல்லாமலே போய்விடுவான் என்பது ரசிகர்கள் மத்தியில் பிரபலமான விளக்கம். இதற்கான விதை அந்தத் தொடரில் 2002-இல் வந்த மாரோவிண்டில், அதன் பாத்திரமான விவெக்கின் 36 பாடங்கள் என்ற புத்தகங்களாக இருக்கிறது. ஆனால் விரிவான வடிவம் பெரும்பாலும் அதன் எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் கிர்க்பிரைட் கேமுக்கு வெளியே எழுதியவற்றில் இருந்து வருகிறது. அழகான சிந்தனை, எனக்கும் பிடிக்கும். இருந்தாலும் விவாதத்தில் வைக்கும்போது எது புத்தக அலமாரியில் கிடைத்தது, எது வெளியிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்லிவிடுவது நாகரிகம். அந்த 36 பாடங்களை எழுதியதாகச் சொல்லப்படும் விவெக்கே நம்பத்தகுந்த ஆள் இல்லை என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் முயற்சி செய்து பார்க்க எந்த கேமில் தொடங்கலாம்?

லிங்க்ஸ் அவேக்கனிங். சின்ன கேம், சான்றுகள் எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. முடிவு தெரிந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். இரண்டாம் முறை ஆடுபவர் போல ஒவ்வொரு ஊர்க்காரரிடமும் நின்று பேசுங்கள். அப்புறம் ஹாலோ நைட். பிளட்போர்னைக் கடைசிக்கு வையுங்கள், அதில் கதையைவிட பாஸ்களே உங்களை அதிக நேரம் பிடித்துவைத்துக்கொள்ளும்.